பால்குடிப் பிள்ளையின் பங்கு

பசித்தவருக்கு உணவளிப்பதன் சிறப்பை நாமெல்லாம் அறிவோம். ஆனால் நம் வீட்டிலேயே பசித்திருக்கும் இருவரை மறந்துவிடுகின்றோம். ஒருவர் கர்ப்பிணி, மற்றவர் பால்குடிப் பிள்ளை.

திருக்குர்ஆனின் 2:233 ஆவது வசனம், ஈராண்டு நிறைவாகப் பாலூட்டுவதைப் பற்றிக் கூறும்போதே, அந்தத் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைக் குழந்தையின் தகப்பன்மீது கடமையாக்குகின்றது. தலாக் சொல்லப்பட்டவள் கர்ப்பிணியானால், பிரசவம்வரை அவளுக்காகச் செலவிட வேண்டுமென்று 65:6 ஆவது வசனம் விதிக்கின்றது. பிரிந்துபோனவளுக்கே இந்த உரிமை என்றால், வீட்டிலிருக்கும் மருமகள் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பது எப்படி முறையாகும்?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. ஓரிரவு மதீனாவில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தில் ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. கேட்டவர் கலீஃபா என்றறியாத தாய், அத்தொகைக்காகவே பாலை முன்கூட்டி மறக்கடிப்பதாகச் சொன்னாள். அன்று ஸுப்ஹுத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் அழுத அழுகையில் ஓதியதே விளங்கவில்லை என்று வரலாறு கூறுகின்றது. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இனித் தொகை உண்டு, பாலை நிறுத்த அவசரப்படாதீர்கள் என்று உடனே அறிவிக்கச் செய்தார்கள்.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும், பிரசவித்து 6 மாதம்வரை தாய்க்கும், 6 மாதம் முதல் 6 வயதுவரை பிள்ளைக்கும் அங்கன்வாடி வழியே விலையின்றி உணவு பெறுவதை உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துமாவு கொடுக்கின்றார்கள்.

அந்த மாவு நம் கையில் ஓர் அமானத். அதைப் பலகாரமாக்கி வீடெல்லாம் பகிர்வதும், ஆட்டுக்கும் கோழிக்கும் போடுவதும், இலவசந்தானே என்று வாங்காமல் விடுவதும் உரியவரின் பங்கைப் பறிப்பதாகும். முதல் 6 மாதம் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். ஆகவே அப்போது தாய்க்கு ஊட்டுவதே பிள்ளைக்கு ஊட்டுவது. அதன்பின் பாலை நிறுத்தாமல், மாவைக் கெட்டியான கூழாகக் காய்ச்சி, தனிக் கிண்ணத்தில் பிள்ளைக்கென்றே கொடுக்க வேண்டும்.

மஹல்லாவில் பெயர் பதியாத கர்ப்பிணிகள் இருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்கள் அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லட்டும். அதுவும் போதாத வீடுகளுக்கு, வசதியுள்ளோர் முட்டையும் பயறும் வாங்கிக் கொடுக்கட்டும். இன்று இரவே கர்ப்பிணிக்கு முதலில் சோறு வைப்போம். அதற்கு அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.