பதிந்ததா, இல்லையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

வலைத்தளத்தில் நாம் நிரப்பும் படிவம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. பேருந்தில் இடம் பதிவதாயினும் தேர்வுக் கட்டணம் செலுத்துவதாயினும், நாம் எழுதிய விவரம் கடைசியில் ஓர் அட்டவணையில் ஒரு வரியாகப் போய் அமர வேண்டும். அமராமற் போவதும் உண்டு. அப்போது திரைமுன் இருப்பவருக்கு என்ன சொல்வது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காட் 1970-இல் உறவுநிலை மாதிரியை வெளியிட்டதையும், 1983-இல் ஹார்டர், ராய்ட்டர் என்னும் இருவர் பரிவர்த்தனையின் நான்கு பண்புகளுக்கு 'ஆசிட்' எனப் பெயரிட்டதையும் வகுப்பில் படிக்கிறோம். தேர்வுக்கு இவை போதும். பரிவர்த்தனை தோற்றபின் அதை மனிதருக்கு எவ்வாறு அறிவிப்பது என்பது வேறு கல்வி.

பழைய பி.எச்.பி. நிரல்களில் வினவலின் கடைசியில் 'ஆர் டை' என்று எழுதுவது வழக்கம். 'இல்லையேல் செத்துப்போ' என்பது அதன் நேர்ப்பொருள்! தரவுத்தளம் சொன்ன பிழையைத் திரையில் அப்படியே கொட்டிவிட்டு நிரல் நின்றுவிடும். அந்தப் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2015-இல் வந்த பி.எச்.பி. 7-இல் நீக்கப்பட்டன. 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல், பிழை நேர்ந்தால் பி.டி.ஓ. தானாகவே விதிவிலக்கை எழுப்புகிறது. செயற்கூறு போயிற்று, பழக்கம் போகவில்லை. விதிவிலக்கைப் பிடித்து அதன் வாசகத்தை அப்படியே அச்சிட்டால் அதுவும் 'ஆர் டை' தானே? அட்டவணைப் பெயரும் புலங்களின் பெயரும் வெளியே தெரிந்தால் தளத்தை உடைக்க வருபவனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்தாற்போலாகும்.

அதனினும் பெரிய தீங்கு ஒன்றை இவ்வாண்டு கண்டேன். உதவித்தொகைப் படிவத்தை எங்கள் ஊர்க் கணினி மையத்தில் நிரப்பினோம். அன்று கடைசி நாள். அம்மா வேலைக்குப் போகாமல் உடன் வந்திருந்தார். சமர்ப்பித்ததும் 'எஸ்கியூஎல்ஸ்டேட்' என்று தொடங்கி நான்கு வரி ஆங்கிலம் வந்தது. "ஏன்டா, நாம ஏதாச்சும் தப்பா எழுதிட்டோமா?" என்றார் அம்மா. எந்தத் தளம் என்பது இங்கு வேண்டாம். மையத்துக்காரர் மீண்டும் அழுத்தினார். இம்முறை 1062 என்ற எண்ணுடன் 'டூப்ளிகேட் என்ட்ரி' என்றது. அதாவது, முதன்முறையே பதிந்துவிட்டது! விவரம் பதிந்தபின் வேறேதோ படியில் தவறியிருக்க வேண்டும். அதைப் படித்து அம்மாவுக்குச் சொல்ல நான் இருந்தேன். பிள்ளைகளில் ஒருவரும் இன்னும் கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டார் என்ன எண்ணிக்கொண்டு திரும்பியிருப்பர்?

நிற்க. பிழைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. தரவுத்தளம் தரும் ஐந்து எழுத்துக் குறியீட்டில் முதல் இரண்டு இனத்தைக் காட்டும். 23 எனில் கட்டுப்பாட்டு மீறல். இதைக் கோளாறு என்பதைவிட விடை என்பதே பொருந்தும்: 'இந்தப் பதிவெண்ணில் முன்பே விண்ணப்பம் உள்ளது.' சிலர் முன்கூட்டியே தேடிப் பார்த்துவிட்டுப் பதிவர். ஆனால் இருவர் ஒரே கணத்தில் தேடினால் இருவருக்கும் 'இல்லை' என்றே விடை வரும். ஆதலால் தனித்தன்மைக் கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே வைத்து, மீறலைப் பிடிப்பதே சரி.

40 எனில் பரிவர்த்தனை திரும்பப் பெறப்பட்டது. இரு பரிவர்த்தனைகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்து முடங்கும்போது மைஎஸ்கியூஎல் தருவது 40001. சற்றுப் பொறுத்து, பரிவர்த்தனை முழுவதையும் முதலிலிருந்து நிரலே மீண்டும் முயல வேண்டும்; இரண்டு மூன்று முறைக்குமேல் வேண்டாம். பயனர் இதை அறியவே தேவையில்லை.

08 என்பது இணைப்புப் பிழை. கடினம் இங்கேதான். 'கமிட்' கட்டளை புறப்பட்டபின், விடை வருமுன் இணைப்பு அறுந்தால் பதிந்ததா இல்லையா என்பது நிரலுக்கே தெரியாது. பதிவுத் தபால் சேர்ந்திருக்கும், ஒப்புகை அட்டை மட்டும் வழியில் தொலைந்திருக்கும். அல்லது தபாலே சேர்ந்திராது. அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இங்கே 'தோல்வி' என்று அறிவிப்பது பொய்யாகலாம். கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்பினால் கட்டணம் இருமுறை போகலாம்.

இதற்கு வழி உண்டு. படிவத்தைத் திறக்கும்போதே அதற்கென ஒரு தனி எண்ணை உருவாக்கி, படிவத்துடன் மறைவாக அனுப்பி, அட்டவணையில் அந்த எண் இரண்டாம் முறை வரக்கூடாது எனக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். அதே படிவம் மறுபடி வந்தால் 23 எழும்; நிரல் அந்த எண்ணைத் தேடி, 'உங்கள் விண்ணப்பம் முன்பே பதிவாகிவிட்டது' என்று ரசீதைக் காட்டும். அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான்.

உண்மையிலேயே பதியாதபோது: 'நீங்கள் நிரப்பியதில் தவறில்லை. எங்கள் சர்வரில் தடை. இன்னும் பதிவாகவில்லை. சிறிது நேரங்கழித்து முயலவும். குறிப்பு எண் இது.' நிரப்பிய விவரங்கள் படிவத்தில் அப்படியே இருக்க வேண்டும். அதே குறிப்பு எண்ணுடன் முழுப் பிழையும் சர்வரின் பதிவேட்டுக்குப் போகட்டும். கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் அங்கே போகலாகாது. உலாவிக்கு 200 அனுப்பாமல் 503 அனுப்புவதே முறை.

நம் ஆய்வகத்திலேயே இதைச் சோதிக்கலாம். மைஎஸ்கியூஎல்லை நிறுத்திவிட்டு உங்கள் படிவத்தை அனுப்பி, வரும் திரையைக் கணினி படிக்காத நண்பரிடம் காட்டுங்கள். பின்னர் 'கமிட்'டுக்கு அடுத்து நிரல் பத்து விநாடி உறங்குமாறு ஒரு வரி சேர்த்து, அந்நேரத்தில் இணைப்பைத் துண்டித்து, அதே படிவத்தை மீண்டும் அனுப்புங்கள். அட்டவணையில் இருப்பது ஒரு வரியா, இரண்டா என எண்ணிப் பாருங்கள்.