மீன் விடுமுன் தொட்டியைத் தயார் செய்தல்



ஊரை விட்டு இரண்டு பெட்டிகளோடு மாவ்பிக்கு வந்த ஆண்டில், பிள்ளைகள் முகம் மலரட்டும் என்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி ஆறு மீன் விட்டோம். ஒன்பதாம் நாள் கடைசி மீனும் மிதந்தது. "அப்பா, நாம என்ன தப்புப் பண்ணினோம்?" என்று சின்னவள் கேட்டாள். தண்ணீர் பளிங்கு போல இருந்தபடியால் எங்களுக்கு விடை தெரியவில்லை.

மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா சேர்கிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரைட் கலந்த இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் அல்ல, தண்ணீர் மாற்றினால் குறையும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். மீன்தொட்டிகளில் அது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் ஹோவனெக் குழுவினர் காட்டினர். புதுத் தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. வரவு ஏறிக்கொண்டே போக, செலவு எழுத ஆளில்லாத பேரேடு அது!

ஆகவே மீன் இல்லாமலே இவற்றை வளர்க்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். வடிகட்டியை ஓடவிட்டு, வாசனையோ சோப்போ கலவாத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் விடுங்கள். 40 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லிகிராம். நூறு மில்லிலிட்டரில் 10 கிராம் உள்ள கரைசலானால் 0.8 மில்லிலிட்டர். குலுக்கினால் நுரை நிற்கும் சீசா உதவாது. இறால் துண்டு போட்டு அழுக விடுவாரும் உண்டு; வீட்டில் நாற்றம் தாங்காது, அளவும் தெரியாது.

முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். அம்மோனியா குறையக் குறைய மறுபடி விட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். விட்ட 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

நம் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. 2021க்குப் பின் ரங்கூன் வட்டாரத்தில் மின்வெட்டு மிகுந்தது. இந்தப் பாக்டீரியாவின் இருப்பிடம் பெரும்பாலும் வடிகட்டிப் பஞ்சுதான். நீரோட்டம் நின்றால் அதற்குப் பிராணவாயு இல்லை. நெடுநேரம் மின்சாரம் வராவிட்டால் பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே போட்டு, பேட்டரிக் காற்றுப் பம்பை ஓட்டுங்கள். பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். முதல் முறை நாங்களே அப்படிப் 'பளிச்'சென்று கழுவியவர்கள்தான்.

ஷான் மாநிலத்து ஹோபோங் அருகே 2006இல் கண்டறியப்பட்ட சின்னஞ்சிறு முத்துப்புள்ளி டானியோவை ஆசைப்பட்டு வாங்குவோர் உண்டு. தொட்டியில் பிறந்த குஞ்சா, ஓடையில் பிடித்ததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் முறை சின்னவளே தினமும் சோதனைக் குழாயின் நிறம் பார்த்து நோட்டில் எழுதி வந்தாள். முப்பத்தெட்டாம் நாள் இரண்டு பத்தியிலும் பூஜ்யம். அன்றைக்கு நான்கு மீன் வாங்கினோம்.