மண்டையோட்டினுள் அமுக்கம் உயர்ந்தால் கண்ணுக்கு என்ன நேரும்?

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்: கண், நரம்புத் தொகுதி, திரவ அமுக்கம் ஆகியவற்றை இணைத்துக் கற்க)

மாணவர்களே, கண், மூளை, அமுக்கம் ஆகியவற்றைத் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். மூன்றையும் ஒருங்கே பிரயோகிக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தை இங்கு நோக்குவோம்.

1. அமுக்கம் கடத்தப்படும் விதம்

மூளையைச் சூழ்ந்த மென்சவ்வுகளுக்கிடையே மூளைமுண்ணாண் பாய்பொருள் உள்ளது. வளர்ந்தவரில் இதன் கனவளவு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். இச்சவ்வுகளும் பாய்பொருளும் பார்வை நரம்பைச் சூழ்ந்து கண்கோளத்தின் பின்புறம் வரை தொடர்கின்றன. வற்றுப்பெருக்கின்போது கடலுடன் இணைந்த புத்தளம் களப்பின் நீர்மட்டமும் மாறுவதை அறிவீர்கள். அவ்வாறே மண்டையோட்டினுள் உயரும் அமுக்கமும் கண்ணின் பின்புறத்தை அடைகிறது.

2. அமுக்கம் உயர்வதற்கான காரணங்கள்

மண்டையோடு விரியாதது. எனவே உள்ளே மேலதிகமாக எது சேர்ந்தாலும் அமுக்கம் உயரும்.
• மூளைக் கட்டி
• தலையில் அடிபட்டு ஏற்படும் குருதிப்பெருக்கு
• மூளைக்காய்ச்சல்
• பாய்பொருள் வடியும் வழி அடைபடல்

3. கண்ணில் ஏற்படும் மாற்றங்கள்

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் குருட்டிடம் ஆகும். பின்னாலிருந்து அமுக்கப்படுவதால் நரம்பு நார்களினூடாகப் பதார்த்தங்கள் செல்வது தடைப்பட்டு, அவ்விடம் வீங்குகிறது, நாளங்கள் புடைக்கின்றன. பெரும்பாலும் இரு கண்களிலும் இது நிகழும். 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது கண்நோக்கிக் கருவியை வெளியிட்ட பின்னரே உயிருள்ளவரில் இதனைக் காண முடிந்தது.

கவனிக்க: குளோக்கோமாவுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பாலும் கண்கோளத்தினுள்ளே அமுக்கம் உயர்வதால் அவ்விடம் குழிவடைகிறது. இங்கு முன்னோக்கி வீங்குகிறது.

4. மாதிரி வினா

(அ) ஒரு நோயாளியின் பாய்பொருள் அமுக்கம் 30 சென்ரிமீற்றர் நீர் நிரலுக்குச் சமன். (வளர்ந்தவரில் படுத்த நிலையில் வழக்கமாக 25 ஐ மேவாது.) அதனைப் பாஸ்கலில் தருக.

விடை: உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல் = 0.3 × 1000 × 10 = 3000 பாஸ்கல்.

(ஆ) கற்பிட்டிக் கடலில் 10 மீற்றர் ஆழத்தில் சுழியோடுபவர் மீது நீரினால் ஏறத்தாழ 1 00 000 பாஸ்கல் மேலதிக அமுக்கம் தாக்குகிறது. ஆயினும் அவரது குருட்டிடம் வீங்குவதில்லை. ஏன்?

விடை: அவ்வமுக்கம் உடல் முழுவதும் சமமாகக் கடத்தப்படுகிறது. மண்டையோட்டிலும் கண்ணிலும் அது ஒரே அளவால் உயர்வதால் அவற்றிடையே அமுக்க வேறுபாடு கூடுவதில்லை. வீக்கத்திற்குக் காரணம் இவ்வேறுபாடே. (“அமுக்க வேறுபாடு” என எழுதாவிடின் விடை பூரணமாகாது.)

5. வாழ்க்கைக்கு

ஆரம்பத்தில் பார்வை தெளிவாகவே இருக்கலாம். ஆகவே நன்றாகத் தெரிகிறது என்பதால் நோயில்லை எனக் கொள்ள முடியாது. காலையில் அதிகரிக்கும் தலைவலி, வாந்தி, குனிந்து நிமிரும்போது சில செக்கன்கள் பார்வை இருளல், இரட்டையாகத் தெரிதல் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். இவை உங்களுக்கோ வீட்டிலுள்ளோருக்கோ தோன்றினால் மூக்குக்கண்ணாடி மாற்றுவதுடன் நின்றுவிடாது தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கவனியாது விடின் நரம்பு நார்கள் இறந்து பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம். இறந்த நார்கள் மீண்டும் வளர்வதில்லை.