கரிசற் புழுதியும் வன்தட்டும்

கோவிற்பட்டிக் கரிசல் மாரியில் காலைப் பற்றும். கோடையில் புழுதியாய் எழுந்து கணிப்பொறிப் பெட்டிக்குள்ளும் புகும். எம் வட்டாரத்தார் வன்தட்டின் இயல்பை அறிதல் இதனால் இன்றியமையாததாகின்றது.

காந்தப் பூச்சுடைய தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, எழுதுமுனை அவற்றைத் தொடாது சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். புழுதித் துகளோ அவ்விடைவெளியினும் பன்மடங்கு பெரிது. ஆதலின் தட்டின் மூடியை வீட்டில் ஒருபோதும் திறத்தலாகாது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் 50 தகடுகளால் அமைத்த முதல் வன்தட்டு, ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துக்களையே கொண்டது. இன்று ஒரு புகைப்படமே அதனை விஞ்சுதல் உண்டு.

தட்டு மந்தமாகிக் கோப்புக்கள் திறக்க மறுப்பின், வேறெதுவும் செய்யுமுன் உள்ளனவற்றைப் படியெடுக்க. புதுத் தட்டு கடையிற் கிடைக்கும். மறைந்த பாட்டியாரின் குரற்பதிவு எக்கடையிற் கிடைக்கும்?

பின்னர் மின்வடத்தைப் பிடுங்குக. வறண்ட காற்றில் நம் உடலில் நிலைமின்சாரம் சேரும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு அதனைப் போக்குக. சாட்டா வடங்களுள் தரவு வடம் 7 முனைகளும், மின்வடம் 15 முனைகளும் உடையன. இவற்றின் வாய் 'ட' வடிவினதாகலின் தலைகீழாய்ப் புகாது. யாம் ஒருமுறை வலிந்து திணித்து வாயை முறித்ததுண்டு.

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை ஜி.பி.டி. முறையிற் பகுத்தல் வேண்டும், பழைய எம்.பி.ஆர். முறைக்கு அவ்வளவு எட்டாது. படியெடுத்த கோப்புக்கள் யாவும் புதியதன்கண் திறக்கின்றனவா எனப் பார்க்குமுன், பழைய தட்டை அழித்தலாகாது.