மூளை அறையில் ஒரு கட்டி

மூளையின் மாதிரி உருவை வகுப்பில் பிரித்துக் காட்டும்போதெல்லாம், "ஐயா, உள்ளே ஏன் வெற்றிடமாக இருக்கிறது?" என்று மாணவர் யாரேனும் என்னைக் கேட்பதுண்டு. வெற்றிடம் அன்று, நீர் நிறைந்த அறைகள் அவை. பக்க அறைகள் இரண்டு, நடுவே மூன்றாம் அறை, அதன் பின்னே நான்காம் அறை. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் மூளைத் தண்டுவட நீர் ஊறுகிறது; ஒரு நேரத்தில் தங்குவதோ 150 மில்லி லிட்டர் அளவே. எனவே ஊறும் நீர் ஓயாது வடிந்து இரத்தத்தில் கலந்தாக வேண்டும். பக்க அறையிலிருந்து மூன்றாம் அறைக்குச் செல்ல மன்றோ துளை என்னும் சிறு வழிதான் உண்டு. மதகு அடைபட்டால் ஏரி என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்துளையின் அருகே வளரும் அரிய கட்டி ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டேன். மத்திய நியூரோசைட்டோமா என்பது அதன் பெயர். மூளைக் கட்டிகள் இருநூறில் ஒன்றுகூட இதுவாக இருப்பதில்லை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களையே பற்றுகிறது. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் பருவம் என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டி மெல்ல வளரும். நீர் தேங்கிய பிறகே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றும்.

1982 வரை இக்கட்டிக்குத் தனிப்பெயர் இல்லை. சாதாரண நுண்ணோக்கியில் வட்டமான உட்கருவும் அதைச் சுற்றித் தெளிந்த வளையமும் தெரிவதால், ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்னும் வேறொரு கட்டியாகவே பலமுறை கருதப்பட்டது. அவ்வாண்டில் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் ஹாசூனும் அவர் குழுவினரும் இரு நோயாளிகளின் கட்டிகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இவை நரம்பணுத் தன்மை கொண்டவை என நிறுவினர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே நோயாளியின் எதிர்காலமே இருக்கிறது. தாங்கு திசுவில் தோன்றி மூளைக்குள் ஊடுருவும் கட்டி வேறு, அறைக்குள் அடங்கி வளரும் இக்கட்டி வேறு, மருத்துவமும் வேறு. இன்று சினாப்டோஃபைசின் என்னும் புரதத்திற்குச் சாயமேற்றியே இதனை இனங்காண்கின்றனர்.

முதன்மையான மருத்துவம் அறுவையே. நெற்றிப் பகுதி மூளையின் புறணியைத் திறந்து செல்வது ஒரு வழி. அதில் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பு சற்றுண்டு. இரு அரைக்கோளங்களின் இடையே இறங்கி, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் பிளந்து செல்வது மற்றொன்று. எவ்வழியில் சென்றாலும் துளையை ஒட்டி, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஃபார்னிக்ஸ் என்னும் நரம்புக் கற்றை வளைந்து கிடக்கிறது. கட்டியோ இரத்த ஓட்டம் மிக்கது. ஆகவேதான் கைதேர்ந்த மருத்துவரும் சில வேளைகளில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியேறுகிறார். அதைக் கோழைத்தனமென நான் கருதமாட்டேன். நினைவை இழந்து கட்டியை வெல்வதில் என்ன பயன்?

முழுதும் அகற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பல்லாண்டு நலமுடன் வாழ்கின்றனர். அவர்களுக்குப் பொதுவாகக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை. எச்சம் இருந்தால் காந்த அதிர்வுப் படம் எடுத்துக் கண்காணிப்பர். வளர்ந்தால் மறு அறுவையோ கதிர்வீச்சோ உண்டு. உயிரணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 குறியீடு 2 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் கட்டி மீண்டும் வளரக்கூடும் என்று எச்சரிக்கை கொள்கின்றனர். கட்டி போனபின்னும் நீரோட்டம் சீராகாத சிலருக்கு, தேங்கும் நீரை வயிற்றறைக்குக் கொண்டு செல்லும் மெல்லிய குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் பொருத்துகின்றனர்.