தாய்வழி அடிமையும் மணத்தடையும்

அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1662-இல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளை தாயின் நிலையையே எய்துமென விதித்தது. அதனால் அடிமைப் பெண்ணிடம் வெள்ளை எசமானன் பெற்ற மகவும் அவனுக்கு அடிமையாயிற்று. 1691-இல் எழுந்த சட்டமோ, கறுப்பரை முறைப்படி மணந்த வெள்ளையரை நாடு கடத்தப் பணித்தது. மணமின்றிக் கூடினோன் பொருள் பெற்றான், மணந்தோன் ஊரிழந்தான். (நம் அகநூலார் கூறுங் களவு இருவருளமும் ஒத்ததாகலின், முன்னதைக் களவென்றலும் தகாது.)

இவற்றிடையே கறுப்பின மகளிர் காப்பாரின்றி நின்றனர். ஆடவர் காக்க இயலாது நாணினர். வெள்ளைப் பெண்ணிடம் தகாது நடந்தானென்னும் பழியால் 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட எம்மெட் டில்லுக்கு வயது 14. ஆதலின் தம் இனத்தான் வெள்ளைப் பெண்ணை மணக்குங்கால் அம்மகளிருட் சிலர் வருந்துவதை வெறும் பொறாமையென்றல் பொருந்தாது. அழகு வெண்மைக்கே உரியதென்று தலைமுறை தலைமுறையாய்க் கேட்ட செவி அவர்களது. எனினும் அவன் காதலும் குற்றமன்று.

1958-இல் வாஷிங்டனில் மணந்து வர்ஜீனியா மீண்ட ரிச்சர்டு லவிங், மில்டிரெடு இருவரும் நள்ளிரவிற் படுக்கையறையிலேயே சிறைபிடிக்கப்பட்டனர். கடவுள் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தாரென எழுதினார் நீதிபதி. ஆப்பிரிக்கரைக் கப்பலேற்றிக் கொணர்ந்தவர் யாவரென எழுதினாரில்லை. 1967 சூன் 12-இல் உச்ச நீதிமன்றத்தார் ஒருமித்து அத்தடையை வீழ்த்தினர். அலபாமா தன் அரசியலமைப்பினின்று அதனைக் களைந்தது 2000-இல். அப்பொழுதும் வாக்களித்தோருள் ஏறத்தாழப் பத்தில் நால்வர் வேண்டாவென்றனர்.