புல்வெட்டும் இயந்திரமும் அதை விற்பவரும்

சென்ற ஆண்டு ஒரு சங்கத்திற்குக் கடன் பயன்பாட்டைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தென்னந்தோப்பு உடைய அங்கத்தினர் ஒருவர், சங்கக் கடனில் வாங்கிய பிரஷ் கட்டரைக் காட்டினார். அது தொழுவத்து மூலையில் துருவேறிக் கிடந்தது. எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றியதால் பிஸ்டன் இறுகிவிட்டது. விற்றவரிடம் உதிரிப்பாகமும் இல்லை. பழுது பார்ப்பவரும் இல்லை. இயந்திரம் ஓடவில்லை, தவணை நாள் மட்டும் தவறாமல் வந்தது. மூன்று விலைப்புள்ளிகளுள் குறைந்ததையே ஏற்கலாமென முன்னர்க் குறிப்பெழுதியவன் நானே. ஆகவே இப்பாடம் எனக்கும் உரியது.

1. நிலத்தை அறிதல்: சமதளமான தோப்பிற்குத் தோளில் பக்கவாட்டில் தொங்கும் வகை ஏற்றது. வரப்பும் சரிவும் மிகுந்த இடத்திற்கு முதுகில் சுமக்கும் வகை வசதியாகும். மெல்லிய புல்லுக்கு நைலான் கயிறு போதும். புதருக்கு எஃகுத் தகடு வேண்டும். இளங்கன்றுகளின் அருகே கயிறுங்கூடப் பட்டையை உரித்துவிடுமாதலால், அங்கே கைக்களையே நன்று.

2. எஞ்சினை அறிதல்: இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலுடன் எண்ணெய் கலத்தல் இன்றியமையாதது. கையேட்டில் 50:1 என்றிருப்பின் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றிருப்பின் 40 மில்லி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியே நிற்கும். புகையும் எரிபொருட் செலவும் குறைவு. எடை சற்றுக் கூடுதல். கூலியாட்கள் மாறி மாறி இயக்கும் தோப்பிற்குக் கலவைத் தவறு நேராத இவ்வகையே பாதுகாப்பானது. ஆயினும் எண்ணெயின் அளவை நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

3. விற்பனையாளரை அறிதல்: இதுவே முதன்மையானது. கார்புரேட்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு ஆகியவை கடையில் இருக்கின்றனவா எனக் கண்ணால் காண்க. பழுது பார்ப்பவர் கடையிலேயே உளரா என வினவுக. முன்னர் வாங்கிய இருவரைக் கண்டு, பழுதுக்கு எத்தனை நாள் காத்திருந்தனர் எனக் கேட்க. நும் நிலத்திலேயே இயக்கிக் காட்டச் சொல்லுக. எஞ்சின் எண் குறித்த ரசீதையும், தேதியிட்டு முத்திரை பதித்த உத்தரவாத அட்டையையும் பெறாமல் பணம் செலுத்தற்க. அரசு மானியம் வேண்டுவோர், வாங்குவதற்கு முன்னரே வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்துக்கொள்க.

4. காப்பு: கண்ணாடியும் மூடிய காலணியும் இன்றி இயக்கற்க. தகட்டில் பட்ட கல் வெகுதூரம் பாயும். ஆதலால் 15 மீட்டருக்குள் எவரும், சிறப்பாகக் குழந்தைகள், நிற்றலாகாது.

ஆண்டில் நான்கு நாளே வேலையுள்ளவர் தனியே வாங்குதல் வீண். ஐவர் கூடி வாங்கலாம். சங்கமே வாங்கி வாடகைக்கும் விடலாம். அவ்வாறாயின் எண்ணெய் அளந்து ஊற்றும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்வினாவை ஆராய்க: நம் ஊரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில், உதிரிப்பாகம் வைத்திருக்கும் கடைகள் எத்தனை? விடை கிடைத்த பின்னரே விலையைப் பேசுக.